ஊர் வீட்டு கம்ப்யூட்டரை இங்கிருந்து திறக்க முடியலையா? ரவுட்டரை நோண்டும் முன் இதைப் படிங்க

டொராண்டோ பக்கம் புதுசா வந்திருக்கிறவங்க சின் நம்பர் (கனடாவில் வேலை செய்யத் தேவையான அரசு எண்), பேங்க் அக்கவுண்ட், வாடகை வீடு எல்லாம் ஓரளவு முடிஞ்ச பிறகு கேட்கிற கேள்வி இது. அப்பா கடைக் கணக்கு ஊர்ல டேலி கணக்கு சாஃப்ட்வேரில் இருக்கு, மாசா மாசம் நாமதான் பார்த்துக் கொடுக்கணும். கிளம்பும் முன்னாடி, தூரத்திலிருந்தே அந்த கம்ப்யூட்டரை இயக்க விடுற விண்டோஸோட ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் பண்ணிட்டு வந்தோம். அங்கே இருந்தப்போ பக்கத்து ரூம் லேப்டாப்பில் இருந்து ஜோரா வேலை செஞ்சது. இங்கிருந்து தட்டினா இணைக்க முடியலைன்னு வருது. யூடியூப் பார்த்து ரவுட்டர்ல 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்துற வாசல் எண்) வீட்டு கம்ப்யூட்டருக்கு ஃபார்வர்ட் பண்ணியும் அதே கதை.

ரவுட்டர் செட்டிங்ஸை மாத்தி மாத்திப் பார்க்கிறதை நிறுத்துங்க. வெளியில் இருந்து உங்க வீட்டுக்கு வர வழியே இருக்கான்னு முதல்ல பார்க்கணும். அம்மாவை வாட்ஸ்அப் வீடியோ காலில் கூப்பிட்டு, வீட்டு வைஃபையில் இருக்கிற இன்னொரு ஃபோனில் ரவுட்டர் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்க. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், லாகின் விவரமும் பல சமயம் அங்கேயே இருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபின்னு (WAN IP, வெளிப்பக்கம் ரவுட்டருக்குக் கிடைச்ச இன்டர்நெட் முகவரி) ஒரு எண் காட்டும். அதைக் குறிச்சுக்கிட்டு, அதே ஃபோனில் மொபைல் டேட்டாவை அணைச்சிட்டு, கூகுளில் வாட் இஸ் மை ஐபின்னு தேடச் சொல்லுங்க. அங்கே சில சமயம் நீளமான ஐபிவி6 முகவரி வரும். அதை விட்டுட்டு, புள்ளி வெச்ச நாலு எண்ணை மட்டும் ஒப்பிடுங்க.

ரெண்டும் ஒண்ணா இருந்தா உங்க வீட்டுக்குன்னு தனி பப்ளிக் முகவரி இருக்கு. வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள்ள ஆரம்பிச்சா, நீங்க என்ன போர்ட் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. இன்டர்நெட் கம்பெனிகள் ஒரே பப்ளிக் முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறதுக்காகவே 2012-ல் ஒதுக்கின வரிசை அது. 10-லயோ, 172.16 முதல் 172.31 வரைக்குள்ளயோ ஆரம்பிச்சாலும் பெரும்பாலும் இதே நிலைமைதான். அபார்ட்மென்ட்ல உங்க ஃபிளாட் கதவைத் திறந்து வெச்சிட்டீங்க, ஆனா மெயின் கேட் வாட்ச்மேனுக்கு உங்க பேரே தெரியாது, வர்றவரை அங்கேயே திருப்பி அனுப்பிடுவார். கதவைக் குறை சொல்லி என்ன பண்ண?

கம்பெனிக்காரங்க வேணும்னு செய்யற வேலையும் இல்லை. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிதான். ஆசிய-பசிபிக் பகுதிக்குப் பிரிச்சுக் கொடுக்கிற ஏபிநிக் 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டுக்கு வந்தாச்சு. அதுக்கப்புறம் ஃபைபர் போட்ட வீடுகளுக்குத் தனி முகவரி கிடைக்காததில் ஆச்சரியமில்லை. கேட்டா தனிக் கட்டணத்துக்கு ஸ்டேட்டிக் ஐபி (மாறாத தனி முகவரி) கொடுக்கிற கம்பெனிகள் உண்டு. ஆனா உங்களுக்கு அது தேவையே இல்லை, கீழே சொல்றேன்.

வேன் ஐபி 192.168-னு ஆரம்பிச்சா விஷயம் வேற. கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அதுக்குப் பின்னாடி நீங்க கடையில வாங்கின ரவுட்டரை மாட்டியிருக்கீங்க. அதுல போர்ட் திறந்தா முதல் பெட்டிக்கு அது தெரியாது. ரெண்டாவதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் கொடுக்கிறது) மாத்துங்க. இல்லேன்னா கம்பெனிக்குச் சொல்லி முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை பார்க்காம நெட்டை அப்படியே கடத்துறது) போடச் சொல்லுங்க. மாத்தினதும் மறுபடி வேன் ஐபியைப் பாருங்க. இதுக்குப் பின்னாடி அந்த 100 வரிசையும் ஒளிஞ்சிருக்கலாம்.

சரி, பப்ளிக் முகவரி இருக்கு, போர்ட்டும் திறந்திருக்கு, இன்னும் வரலைங்கிறவங்க மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, வீட்டு கம்ப்யூட்டரோட உள் முகவரி மாறியிருக்கும். ஃபார்வர்ட் பண்ணது 192.168.1.5-க்கு, கரண்ட் போய் வந்ததுல அது 1.8 ஆகியிருக்கும். ரவுட்டர்ல அட்ரஸ் ரிசர்வேஷன் (அந்த கம்ப்யூட்டருக்கு எப்பவும் ஒரே முகவரி) போட்டா தீரும். ரெண்டு, ஆன்டிவைரஸோட சேர்ந்து வர்ற ஃபயர்வால் வெளியே இருந்து வர்ற இணைப்பை மறிச்சிருக்கும். மூணாவதுதான் பலர் கோட்டை விடுற இடம்: விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவே முடியாது. அதிலிருந்து வெளியே போகலாம், உள்ளே வர ப்ரோ பதிப்பு வேணும்.

இவ்வளவும் சரியாகி போர்ட் திறந்தாலும் என் கருத்து ஒண்ணுதான்: திறக்காதீங்க. 3389-ஐத் தேடி உலகம் முழுக்க ராத்திரி பகலா தட்டிப் பார்க்கிற புரோகிராம்கள் ஓடிக்கிட்டே இருக்கு. 33890-னு மாத்தி வெச்சாலும் கண்டுபிடிச்சிடும். 2019 மே மாசம் ப்ளூகீப்னு ஒரு ஓட்டை வெளியே வந்தது. பாஸ்வேர்டே இல்லாம இந்த வழியா உள்ளே நுழையலாம்கிற அளவு மோசம். மைக்ரோசாஃப்ட் எப்பவோ கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கே அதுக்காக பேட்ச் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) கொடுத்தாங்க. ஊர்ல இருக்கிறது விண்டோஸ் 10-ஆ? அதோட சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. அதை வெளியுலகத்துக்குத் திறந்து வைக்கிறது அப்பாவோட மொத்தக் கணக்கையும், ஃபைலைப் பூட்டி வெச்சுப் பணம் கேட்கிற ரேன்சம்வேர்காரன் கையில கொடுக்கிற மாதிரி.

வழி என்னன்னா டெய்ல்ஸ்கேல், உங்க கம்ப்யூட்டர்களை மட்டும் ஒரு தனி நெட்வொர்க்கா இணைக்கிற ஆப். ரெண்டு பக்க கம்ப்யூட்டரும் உள்ளேயிருந்து வெளியே பேசிச் சேர்ந்துக்கும், அதனால வாட்ச்மேன் பிரச்சினை கிடையாது, போர்ட்டும் திறக்க வேண்டாம். தனிநபருக்கு இலவசத் திட்டம் போதும். ரெண்டிலும் போட்டு ஒரே அக்கவுண்ட்ல லாகின் பண்ணுங்க. வீட்டு கம்ப்யூட்டருக்கு 100-ல் ஆரம்பிக்கிற ஒரு முகவரி கிடைக்கும். (மேலே சொன்ன அதே வரிசைதான், குழம்பிக்காதீங்க. இது உங்க தனி நெட்வொர்க்குக்குள்ள மட்டும்.) ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்த முகவரியை அடிச்சா முடிஞ்சது.

முடிஞ்சதுன்னு நினைச்சு விட்டுடாதீங்க, ரெண்டு செட்டிங் பாக்கி இருக்கு. வீட்டு கம்ப்யூட்டர்ல டெய்ல்ஸ்கேல் மெனுவில் ரன் அனட்டெண்டட்னு இருக்கிறதை டிக் பண்ணுங்க, இல்லேன்னா யாராவது லாகின் பண்ணினாத்தான் அது எழுந்திருக்கும். அடுத்து, டெய்ல்ஸ்கேல் வலைப்பக்கத்தில் அந்த மெஷினுக்கு கீ எக்ஸ்பைரியை அணைச்சு வைங்க. வழக்கமா அந்த மெஷினோட லாகின் 180 நாளில் காலாவதி ஆகும். நல்லா ஓடிட்டிருந்தது ஆறு மாசம் கழிச்சு திடீர்னு நின்னு போச்சுங்கிற புகார்களில் பாதி இதுதான்.

ரிமோட் டெஸ்க்டாப் லாகின்ல, தினமும் விண்டோஸைத் திறக்கப் போடுற நாலு இலக்க பின் எடுக்காது, அக்கவுண்ட்டோட முழு பாஸ்வேர்டு வேணும். அப்பாவுக்கு பின் மட்டும்தான் ஞாபகம் இருக்கும், முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க.

ஹோம் பதிப்பு வெச்சிருக்கிறவங்க அதுக்குப் பதிலா ஸ்கிரீனைப் பகிர்ந்து இயக்க விடுற குரோம் ரிமோட் டெஸ்க்டாப் அல்லது ரஸ்ட்டெஸ்க் ஆப் போட்டுக்கலாம். படம் கொஞ்சம் மந்தம், வேலைக்குக் குறைவில்லை.

நெட்வொர்க்கை விட அதிகமா படுத்துறது கரண்ட். டெஸ்க்டாப்பா இருந்தா பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங் பக்கம்) போய், கரண்ட் திரும்பினதும் தானா ஆன் ஆகிற செட்டிங்கைப் போடுங்க. கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும், பவர் லாஸ் அல்லது பவர் ஃபெயிலியர்னு ஒரு வார்த்தை அதுல இருக்கும். ஸ்லீப்பை நெவர்னு வைங்க. ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைன்ல மாட்டுங்க. அம்மா ராத்திரி படுக்கும் முன்னாடி எல்லா சுவிட்சையும் அணைக்கிறவங்களா இருந்தா அந்த சுவிட்ச் மேல ஒரு பேப்பர் ஒட்டிட்டு வாங்க, இதுக்கு டெக்னாலஜி கிடையாது.

கீழே வந்த சில கேள்விகளுக்கு:

"அண்ணா, நான் உள்ளே போனா அப்பா ஸ்கிரீன் லாக் ஆயிடுது, பில் போட்டுட்டு இருந்தவர் திட்டுறார்." ரிமோட் டெஸ்க்டாப்பில் அப்படித்தான் தம்பி, ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். இங்கே ராத்திரி எட்டு மணின்னா ஊர்ல விடிகாலை அஞ்சரை, குளிர்காலத்தில் ஆறரை. கடை திறக்கும் முன்னாடி முடிச்சிடு. அப்பா பார்த்துக்கிட்டே இருக்கும்போது சொல்லிக் கொடுக்கணும்னா ரஸ்ட்டெஸ்க் மாதிரி ஸ்கிரீனைப் பகிர்றதைப் பயன்படுத்து.

"டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கிற யுஎஸ்பி) வீட்டு கம்ப்யூட்டர்ல சொருகியிருக்கு, ஆனா ரிமோட்ல போனா டோக்கன் இல்லைன்னு சொல்லுது." அக்கா, டோக்கனும் ஒரு வகை ஸ்மார்ட்கார்டுதான். ரிமோட் டெஸ்க்டாப் உங்க பக்கத்தில் சொருகியிருக்கிற ஸ்மார்ட்கார்டைத்தான் தேடும், அந்தப் பக்கம் இருக்கிறதைப் பார்க்காது. டோக்கன் கெடலை. கையெழுத்துப் போடுற வேலைக்கு மட்டும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் வழியா போங்க, தெரியும்.

"ஆபீஸ் லேப்டாப்பில் போடலாமா?" வேண்டவே வேண்டாம். புது வேலை, ப்ரொபேஷன் காலம், ஐடி டீம் கண்ணுல பட்டா பதில் சொல்லி மாளாது. பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கிக்குங்க.

மௌஸ் இழுத்தா மெதுவா வருதுன்னா, இங்கிருந்து ஊருக்குப் போய்த் திரும்ப 200 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், அதை ஒண்ணும் பண்ண முடியாது. கலர் டெப்த்தைக் குறைச்சு, வால்பேப்பரை அணைச்சா எரிச்சல் குறையும். டேலியை எப்படியும் கீபோர்டுலதானே ஓட்டுவீங்க.

இன்னொரு விஷயம், வீட்டுல பெரியவங்ககிட்ட அவசியம் சொல்லிடுங்க. இந்த மாதிரி ஆப் எதையும் வெளியாள் ஃபோன் பண்ணிப் போடச் சொன்னா போடக் கூடாது. பேங்க்ல இருந்து பேசறோம்னு சொல்லி எனிடெஸ்க் போட வெச்சு யுபிஐ பணத்தை உருவுறாங்கன்னு ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் எச்சரிச்சது. நம்ம பிள்ளை போடச் சொன்ன ஆப்தானேன்னு அவங்க பழகிட்டாங்கன்னா ஏமாத்துறவனுக்கு வசதி. நீங்க கூப்பிடும்போது வீடியோ காலில் முகம் காட்டுங்க, முகம் தெரியாம கேட்டா வெச்சிடச் சொல்லுங்க.

இன்னும் வரலைன்னா விண்டோஸ் பதிப்பு, வேன் ஐபியோட முதல் ரெண்டு எண், வீட்டுல எத்தனை பெட்டி இருக்கு, இந்த மூணை மட்டும் கீழே எழுதுங்க. முழு ஐபியையும், பாஸ்வேர்டு தெரியிற ரவுட்டர் ஸ்டிக்கர் ஃபோட்டோவையும் போடாதீங்க.