திரிவா, கலப்பா? ‘மாசடைந்த குளிர்வி’ குறித்து

வணக்கம் ஐயா,

எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையே சுற்றிச் சூட்டை எடுக்கும் நீர்மமான ‘கூலன்ட்’ என்பதற்குக் ‘குளிர்வி’ என்றும், அது பழுதானால் ‘மாசடைந்த குளிர்வி’ என்றும் நீங்கள் முன்வைத்ததை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை எங்கள் வீட்டுக் காரை வைத்தே சொல்கிறேன்.

திருகோணமலை உப்புவெளியில் அப்பாவின் மொறிஸ் மைனர் ஆறு வருடம் கொட்டிலில் ஓடாமல் நின்றது. போன மாதம் ரேடியேற்றர் மூடியைத் திறந்தால், சாயத் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். விரலை விட்டால் கறள் சேறு. ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் நிறப் பசை. வந்து பார்த்த பாஸ் (வண்டி திருத்துபவர்), “ஹெட் கஸ்கெட் போயிட்டுது தம்பி, தண்ணி ஒயிலுக்க இறங்குது” என்றார். எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் அடைக்கும் தகட்டைத்தான் அப்படிச் சொன்னார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன், ஒயில் தெளிவாக இருந்தது. ரேடியேற்றர் தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் இல்லை. எஞ்சினை இயக்கியபோதும் குமிழி கிளம்பவில்லை. மூடியில் இருந்த பசை, கடற்காற்றின் ஈரம் உள்ளே படிந்து ஒயிலோடு குழைந்ததுதான். நெடுநாள் நின்ற வண்டிகளில் இது வழமை. பிறகு மின்னழுத்தம் அளக்கும் மல்ரிமீற்றரின் கறுப்பு முனையை, பற்றறியில் வண்டியின் உடலோடு இணைந்த முனையில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் தண்ணீருக்குள் தோய்த்தேன். 0.5 வோல்ற்று காட்டியது. 0.3ஐத் தாண்டினால் தண்ணீரை மாற்று என்பது கராஜ் கணக்கு. ஒரு பக்கம் வார்ப்பிரும்பு எஞ்சின், மறுபக்கம் செம்பும் பித்தளையுமான ரேடியேற்றர், நடுவே புளித்த நீர்: அது ஒரு மின்கலமே.

வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை. தண்ணீரில் கலந்திருந்த கிளைக்கோல் என்ற சேர்மம் நாட்பட ஒட்சியேறி அமிலமாகியது. கறள் தடுக்கும் சேர்மங்கள் தீர்ந்துபோயின. நீர் தன் எஞ்சினையே அரிக்கத் தொடங்கியது. ‘மாசு’ என்ற சொல்லோ வந்து சேர்ந்த ஒன்றைத் தேடச் சொல்கிறது. அதை நம்பியிருந்தால் வீணாக ஹெட்டைக் கழற்றியிருப்போம்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரத்தைப் பிரித்தவர்கள் நம்மவர்கள். புதிதாக ஒன்று வருவது வேறு, இருப்பதே மாறுவது வேறு. தானாகப் பழுதானதைத் ‘திரிவு’ என்போம். ஒயில், புகை, அவசரத்துக்கு ஊற்றிய கடலோரக் கிணற்று உவர்நீர் ஆகியவை சேர்ந்தால் ‘கலப்பு’. சொல்லைக் கேட்டவுடனேயே எங்கே தேடுவது என்பது விளங்கும்.

‘குளிர்வி’யையும் விடவேண்டும் என்கிறேன். தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்ரற் அடைப்பு திறப்பதே 80 பாகையை அண்டித்தான். அந்தச் சூட்டில் ஓடும் நீருக்கும் குளிருக்கும் என்ன உறவு? பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் குளிரேற்றியும் நினைவுக்கு வந்துவிடும். அது சூட்டை வாங்கிக் காற்றில் விடுகிறது, நாம் தேத்தண்ணியை ஆற்றுவதுபோல. முதலில் ‘ஆற்றுநீர்’ என்று எழுதிப் பார்த்தேன். கொட்டியாரக் குடாவில் மகாவலி விழும் ஊரில் அந்தச் சொல் ஒருநாளும் எஞ்சினுக்குள் போகாது. ‘சூடாற்றி’ என்பது என் முன்மொழிவு. கடத்தி, காவலி போலவே தொழிலைச் சொல்லும் பெயர். திரிந்த சூடாற்றி, கலப்புற்ற சூடாற்றி என்று இரண்டு பதிவாக இடலாம்.

(சூடாற்றியை வடிப்பவர்கள் ஏனத்தைத் திறந்து வைக்காதீர்கள். கிளைக்கோல் இனிக்கும், நாய், பூனை நக்கினால் உயிர் போய்விடும்.)

ஒரு சிக்கல் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒத்துவராத இருவகைச் சூடாற்றிகளைச் சேர்த்தால் சிலவேளை களிபோல் உறைந்து ரேடியேற்றரை அடைக்கிறது. காரணத்தால் அது கலப்பு, விளைவால் திரிவு. பால் கெட்டுக் கட்டிபட்டால் ‘திரைஞ்சு போச்சு’ என்கிறோமே, அதிலிருந்து ‘திரைவு’ என்று மூன்றாவதாக ஒன்றை எடுக்கலாமா? திரிவோடு ஒலி மயங்கும் என்பதுதான் தயக்கம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் உள்ளவர்கள் கட்டிபட்ட பாலுக்கு வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.