புதுப்பிப்பு: காரை விற்று 6 மாதம் ஆகிறது
காரை விற்றுவிட்டு பஸ், ரயிலையே நம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விற்றுவிட்டேன்.

அப்போது நான் பெட்ரோல் செலவை மட்டும் டிக்கெட்டோடு ஒப்பிட்டது தவறு. தேய்மானமும் (வருடம் ஆக ஆக காரின் மதிப்பு குறைவது) காப்பீடும் கார் ஓடாமல் நின்றாலும் பணத்தைத் தின்கின்றன. வாரக்கணக்கில் எடுக்காவிட்டால் பேட்டரியும் இறங்கிவிடும்.

வழித்தடத்தைவிட, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதைத்தான் முதலில் பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம்தான். அரை மணிக்கு ஒன்று என்றால், ஒன்றைத் தவறவிட்டாலே அன்றைய திட்டம் குலைந்துவிடும். இரண்டு பஸ் மாறுவது இன்னும் பெரும்பாடு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ்ஸின் முதல் படியில் ஏற முடியாமல், இரு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவரை அழைத்துப்போக இப்போது வாடகைக் கார்தான்.