பதின்வயதுப் பிள்ளைகளோடு தீம் பார்க்: கணக்கை அவர்களிடம் கொடுக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் நான்கு பேர். பையன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறான், பெண் எட்டாவது. தேர்வு முடிந்ததும் எங்காவது கூட்டிப்போகிறேன் என்று பொங்கல் சமயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கையில் இருப்பது 30,000 ரூபாய். ஜூனில் பிளஸ் ஒன் சேர்க்கை இருப்பதால் அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

பிள்ளைகள் கேட்டது சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸ். நான் நினைத்தது பெங்களூர் பக்கம் பிடதியில் இருக்கும் வொண்டர்லா. விவாதம் வளர்ந்துகொண்டே போனதால் மளிகைக் கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் 30,000 என்று பெரிதாக எழுதி அவர்கள் முன்னால் வைத்துவிட்டேன். "இதற்குள் நீங்களே திட்டம் போடுங்கள். மிஞ்சுவது உங்களுக்கே."

மனைவிக்குக் கோபம். பிள்ளைகளிடம் பஞ்சப்பாட்டு பாடுகிறேனாம். நான் செய்தது சரியா, தப்பா?

கொங்குநாட்டான்:
சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். தப்பு.

எனக்குப் பதினாலு வயதில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குப் போனோம். அப்பா நல்ல மனிதர். ஆனால் பஸ் ஏறியதில் இருந்து ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லிக்கொண்டே வந்தார். "இந்த டிக்கெட் நம்ம ஒரு வார மளிகைடா." அலைக்குளத்தில் நின்றால் துவரம்பருப்பும் புளியும் மிதக்கிற மாதிரியே இருந்தது எனக்கு. மதியம் நல்ல பசி. "பசிக்கலைப்பா" என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்தார். முப்பது வருடம் ஆகப்போகிறது, சறுக்கு எத்தனை, எவ்வளவு உயரம் எதுவும் நினைவில்லை. அந்தப் பார்வை மட்டும் இருக்கிறது.

பணக் கவலை பெற்றவர்களோடது. முடிந்தால் கூட்டிப்போங்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். நோட்டை எதற்கு அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள்?

சிங்கைவாசி:
நோட்டு விவகாரத்தை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், இங்கே இருப்பவன் என்ற முறையில் சிங்கப்பூர் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறையில் திருச்சியில் இருந்து போக வர ஒரு ஆளுக்கு 15,000 ரூபாய்க்குக் கிடைத்தாலே அதிர்ஷ்டம். விசாவுக்குத் தலைக்கு 30 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பூங்காவில் 13 வயதிலிருந்தே பெரியவர் டிக்கெட், அது 80 வெள்ளியைத் தாண்டும். உங்கள் 30,000 விமானத்திலேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு நாள் வந்தால் உதவும் என்பதற்காக: ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி நடைபாலம் வழியாகவே பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குள் போய்விடலாம், காசு கிடையாது. பெரிய ரைடுகளில் தனி ஆளுக்கென்று ஒரு வரிசை உண்டு. குடும்பமாக ஒரே வண்டியில்தான் உட்காருவோம் என்று அடம்பிடிக்காவிட்டால், காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் பாதிக்கும் கீழே வந்துவிடும். பதின்வயதுப் பிள்ளைகள் அம்மா பக்கத்தில் உட்காரவா வருகிறார்கள்?

வைகைக்கரை:
நன்றி சிங்கைவாசி. இதே கணக்கைத்தான் பையன் அரை மணி நேரத்தில் போட்டான். போட்டுவிட்டு அவனே "சிங்கப்பூர் வேண்டாம்ப்பா, வேலைக்குப் போய் நானே கூட்டிப்போறேன்" என்றான். நான் சொல்லியிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பான்.

கொங்குநாட்டான், விலையைக் குத்திக்காட்டுவது வேறு, தொகையைக் கையில் ஒப்படைப்பது வேறு. உங்கள் அப்பா செய்தது முதலாவது.

பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூருக்குப் போட்ட பட்டியல் இது: தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போக வர 3,000. பார்க் டிக்கெட் நான்கு பேருக்கும் 6,500. லாட்ஜ் 3,500. சாப்பாடு 5,000. மெட்ரோ, பஸ் 1,500. நீர் விளையாட்டுத் துணி, லாக்கர் 2,000. ஆக 21,500. மீதி 8,500.

வாகனத்துக்கு 1,500 போதுமா என்று கேட்டேன். ரயில் நிலையத்திலேயே மெட்ரோ ஏறினால் ஊதா வழித்தடத்தில் சல்லகட்டா வரை போகலாம், அங்கிருந்து மைசூர் சாலையில் பிடதிக்கு பஸ் என்று மகள் படம் வரைந்து காட்டினாள். கர்நாடகாவில் பெண்களுக்கு பஸ் இலவசம் என்று அவளுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட்டே போடவில்லை. அந்த ஊர் முகவரி இருந்தால்தான் செல்லும் என்று நான்தான் திருத்தினேன்.

தாம்பரத்தான்:
எதற்கு சார் பெங்களூர்? 2025 டிசம்பரிலேயே சென்னையில் வொண்டர்லா திறந்தாயிற்று, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். உள்ளாட்சிக் கேளிக்கை வரி சிக்கலில் எத்தனையோ வருடம் இழுத்தடித்து இப்போதுதான் வந்திருக்கிறது. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலையில் செங்கல்பட்டில் இறங்கினால் அங்கிருந்து பக்கம். பிடதி பார்க் 2005இல் திறந்தது, இது புத்தம்புதுசு. காலைத் தொங்கவிட்டபடி தலைகீழாகச் சுற்றும் தஞ்சோரா என்கிற ரோலர்கோஸ்டர் இருக்கிறது. ரோலர்கோஸ்டர் செய்வதில் பேர்போன சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தயாரிப்பு. சென்னையில் சொந்தக்காரர் இருந்தால் லாட்ஜ் செலவும் மிச்சம்.

கொங்குநாட்டான்:
மே மாதம் திருப்போரூர் வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறீர்களா தாம்பரத்தான்? ரோலர்கோஸ்டரே வேண்டாம், அதற்கு முன்னாலேயே தலை சுற்றும்.

தாம்பரத்தான்:
நாங்கள் என்ன ஊட்டியிலா பிறந்தோம்? தண்ணீர் விளையாட்டுக்கு வெயில்தான் ருசி.

வைகைக்கரை:
சென்னை பற்றிக் கேட்டேன். பையன் தஞ்சோரா என்றதும் துள்ளினான். பெண் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்: "பம்மல் சித்தி வீட்டுலதானே தங்கணும்? மார்க் கேப்பாங்க. நான் வரலை."

சேலத்து அக்கா:
ரெண்டு பையன், ஒரு பொண்ணு, மூணு பேரையும் மூணு தடவை வெவ்வேறு பார்க்குக்குக் கூட்டிப்போய் வந்தவள் சொல்கிறேன், கேளுங்கள் தம்பி.

முதலில் தேதி. ரயில் கட்டணம், வார நாள் எல்லாம் பார்ப்பீர்கள். உங்கள் பொண்ணுக்கு எந்த நாள் ஒத்துவரும் என்று கேட்டீர்களா? எந்த அப்பாவும் கேட்பதில்லை. ஒரு வருடம் எல்லாம் பதிவு செய்துவிட்டு, போன இடத்தில் என் பொண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்தவர் எதிலும் ஏறாவிட்டாலும் டிக்கெட் டிக்கெட்தான். உங்கள் பொண்ணின் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு, நாலு நாள் இப்படி அப்படி மாற்றிப் போடுங்கள்.

ஏப்ரல் இரண்டாவது வாரத்துக்குள் கர்நாடகப் பள்ளிகளுக்கும் விடுமுறை விட்டுவிடுவார்கள். அதன்பிறகு வார நாளிலும் கூட்டம்தான். செவ்வாய், புதன் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவே.

அப்புறம் துணி. தண்ணீரில் இறங்க நைலான், பாலியஸ்டர் வேண்டும், பருத்தியை விடமாட்டார்கள். வாசலில் போய்த்தான் பலருக்கு இது தெரிகிறது, அங்கே சொன்ன விலைக்கு வாங்கத்தான் வேண்டும். பையனிடம் கால்பந்து ஜெர்சி இருக்குமே, அது பாலியஸ்டர்தான். அதையே போட்டுக்கொள்ளட்டும். ஆளுக்கொரு லாக்கர் வேண்டாம், நாலு பேருக்கு ஒன்று போதும். சாவி உங்கள் கையில் இருக்கட்டும், பையன் கையில் கொடுத்தால் குளத்தின் அடியில் தேட வேண்டியிருக்கும்.

வெளிச் சாப்பாடு உள்ளே போகாது. காலையில் இட்லி, பொங்கல் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆனால் சாப்பிட்ட கையோடு சுற்றுகிற எதிலும் ஏறாதீர்கள்.

இப்போது நோட்டு. தொகையைச் சொன்னதில் தப்பில்லை தம்பி. "மிஞ்சுவது உங்களுக்கே" என்றீர்களே, அதுதான் வினை. நானும் அப்படித்தான் ஒரு தடவை சொன்னேன். பெரியவன் மத்தியானச் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து ஹெட்போன் வாங்கத் திட்டம் போட்டுவிட்டான். ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு நாள் முழுக்க. நாலு மணிக்கு ராட்டினத்தில் இருந்து இறங்கினவன் அப்படியே என் தோள்மேல் சாய்ந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

கொங்குநாட்டான்:
அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். எனக்கு அப்பா விலை சொன்னார், நான் பட்டினி கிடந்தேன். அக்காவின் பையனுக்கு மிச்சம் பிடிக்கச் சொன்னார்கள், அவனும் பட்டினி கிடந்தான். வழி வேறு, வயிறு ஒன்றுதான்.

சேலத்து அக்கா:
அதற்காக மறைக்கவும் சொல்லவில்லை நான். டிக்கெட், சாப்பாடு, ரயில் மூன்றும் பெற்றவர்கள் கையில். மீதியை வைத்து எதை வாங்குவது, எதை விடுவது என்பது பிள்ளைகள் கையில். சாப்பாட்டில் மிச்சம் பிடித்தால் அது கணக்கில் சேராது என்று சொல்லிவிடுங்கள்.

பதினேழு:
நான் பிளஸ் டூ படிக்கிறேன். பெரியவங்க பேசுற இடத்தில் குறுக்கே வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

கொங்குநாட்டான் அங்கிள், மறைச்சா எங்களுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? ராத்திரி சீட்டுக்காரர்கிட்ட அப்பா தாழ்ந்த குரல்ல பேசுறது பக்கத்து ரூம்ல நல்லாவே கேக்கும். தொகை தெரிஞ்சா வலிக்காது. வரச் சொல்லிக் கூட்டிட்டுப் போய், கவுன்டர் முன்னாடி நிறுத்தி, பின்னாடி இருபது பேர் நிக்கும்போது "அதெல்லாம் வேண்டாம், வா"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கிறீங்க பாருங்க, அதுதான் வலிக்கும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தக் கவுன்டர் பக்கமே போயிருக்க மாட்டோம்.

இன்னொண்ணு. நாள் முழுக்க எங்ககூட ஒட்டிக்கிட்டே வராதீங்க. மூணு மணிக்கு இந்த இடம்னு சொல்லிட்டு விடுங்க.

கொங்குநாட்டான்:
தம்பி, கவுன்டர் விஷயம் சரி. அதை ஒத்துக்கொள்கிறேன். பதின்மூன்று வயதுப் பெண்ணை அவ்வளவு கூட்டத்தில் தனியாக விடுவது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். போன் லாக்கரில் இருக்கும், எப்படிக் கூப்பிடுவாய்?

பதினேழு:
தனியா இல்லை அங்கிள், அண்ணனோட. போன் இல்லாத காலத்துல திருவிழாவுல உங்களை எப்படித் தேடினாங்களோ அப்படித்தான். ஒரு இடம், ஒரு நேரம்.

தாம்பரத்தான்:
தொலைந்துபோன பிள்ளைகளை மைக்கில் அறிவிப்பார்கள். ஒரு தடவை என் பெயரைத்தான் அறிவித்தார்கள். என் பையன் "அப்பாவைக் காணோம்" என்று புகார் கொடுத்திருந்தான்.

வைகைக்கரை:
உயரம் பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன், யாருக்காவது பயன்படும். இந்தப் பார்க்குகளில் டிக்கெட்டுக்கு வயதைவிட உயரம்தான் கணக்கு. வொண்டர்லாவில் 140 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு பார்க்குக்குப் போனபோது வாசலில் கோடு போட்ட கம்பத்தருகே மகளை நிறுத்தினார்கள். அவள் குதிகாலைத் தூக்கினாள், நான் தோளை மெல்ல அழுத்தினேன். கோட்டுக்கு ஒரு விரல் கீழே. எனக்குச் சில நூறு ரூபாய் லாபம். உள்ளே போனால் பெரிய ரைடு ஒவ்வொன்றின் வாசலிலும் அதே கம்பம், அதே ஒரு விரல். அண்ணன் கத்துவதைக் கீழே நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த வருடம் வீட்டுக் கதவில் பென்சில் கோடு போட்டு 151 என்று எழுதி வைத்திருக்கிறாள். அதனால் பெரியவர் டிக்கெட் என்றால் இந்த முறை எனக்கு வருத்தமே இல்லை.

அந்த 8,500 ரூபாய் பற்றித்தான் இப்போது சண்டை. ஃபாஸ்ட்ராக் டிக்கெட் வாங்கினால் வரிசையைத் தாண்டலாம், ஆனால் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. பையன் ஒரு யோசனை சொன்னான்: "எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஃபாஸ்ட்ராக். உங்க ரெண்டு பேருக்கும் எதுக்கு? நீங்க எப்படியும் நிழல்ல உக்காரத்தான் போறீங்க." கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, கேட்கத்தான் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

சேலத்து அக்கா:
செவ்வாய்க்கிழமை போனால் ஃபாஸ்ட்ராக் இல்லாமலே சமாளிக்கலாம். திறக்கிற நேரத்துக்கு அரை மணி முன்னால் வாசலில் நில்லுங்கள். எல்லாரும் முதலில் தண்ணீரைத் தேடி ஓடுவார்கள், நீங்கள் பெரிய ராட்டினங்களை முதலில் முடித்துவிடுங்கள்.

வைகைக்கரை:
அறுபது நாள் முன்னால்தான் ரயில் முன்பதிவு திறக்கும் என்பதால் இன்று காலை எட்டு மணிக்கே நாலு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்று உறுதி, ஒன்று ஆர்ஏசி. ஆர்ஏசி எனக்கு என்று ஏகமனதாக முடிவாகிவிட்டது. அக்கா சொன்னபடி தேதியை ஐந்து நாள் தள்ளிப் போட்டோம். யார் எதற்காகச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மனைவி காலண்டரைப் பார்த்து ஒரு தேதியில் விரல் வைத்தாள், அவ்வளவுதான்.

நோட்டில் "மிஞ்சுவது உங்களுக்கே" என்பதை அடித்துவிட்டேன். ஃபாஸ்ட்ராக் வேண்டாம் என்று பையன் விட்டுக்கொடுத்துவிட்டான். பதிலுக்கு மூன்று மணி வரை அவர்கள் பாட்டுக்குச் சுற்றலாம்.

மகள் பட்டியலில் புதிதாக ஒரு வரி: "அம்மாவுக்கு நைலான் பேன்ட், டீ ஷர்ட் – 700." புடவை தவிர வேறு உடுத்தாத ஆள். அதைப் படித்துவிட்டு என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். பேனாவை வாங்கி 700ஐ அடித்து 900 என்று எழுதினாள், துணி கொஞ்சம் நீளமாக வேண்டுமாம்.

கொங்குநாட்டான்:
உங்கள் வீட்டம்மா தண்ணீரில் இறங்கினார்களா என்று வந்து சொல்லுங்கள் சார். நோட்டு விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு.