முதலாளியின் மதமும் ஊழியரின் மருத்துவக் காப்பீடும்

கேள்வி: மருதநிலா

அமெரிக்காவில், ஒரே குடும்பத்தாருக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அது தேவாலயமும் அன்று, மதக் கல்லூரியும் அன்று. பொருளை வாங்கி விற்று இலாபம் பார்க்கும் வணிக நிறுவனம். ஆண்டுதோறும் காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் காலம் கடந்த முறை வந்தபோது, காப்பீட்டுத் திட்டத்தின் சுருக்கத்தை முதன்முறையாகப் பொறுமையாகப் படித்தபோது, கருத்தடை மாத்திரை, ஊசி, காப்பர்-டி ஆகிய எதற்கும் காப்பீடு கிடையாது என்று ஒரே வரியில் எழுதியிருந்ததைக் கண்டேன். மனிதவளத் துறையில் கேட்டதற்கு, உரிமையாளர்களின் சமய நம்பிக்கையை முன்னிட்டு எடுத்த முடிவு என்றும், சட்டம் அதற்கு இடம் தருகிறது என்றும் மரியாதையாகவே சொன்னார்கள்.

பிரீமியத்தில் ஒரு பங்கு என் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. மறு பங்கும் நான் செய்யும் வேலைக்குக் கிடைக்கும் ஊதியத்தின் இன்னொரு வடிவம்தான். சம்பளப் பணத்தைக் கொண்டு நான் எந்த மருந்தை வாங்கலாம் என்று முதலாளி சொல்ல முடியாதபோது, அதே உழைப்புக்குக் காப்பீடாகத் தரும் இடத்தில் மட்டும் அவருடைய நம்பிக்கை எப்படி நடுவில் வந்து நிற்கிறது? ஒவ்வொரு தேர்தலிலும் இதை வாக்குறுதியாக்கும் அரசியல்வாதிகளைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இங்கே எழுதுகிறேன். இந்த நிலை எப்படி வந்தது, எனக்கு வழி ஏதேனும் உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில் 1: சட்டப்பித்தன்

ஒபாமாகேர் என்று அழைக்கப்படும் 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், தடுப்பு மருத்துவச் சேவைகளுக்கு நோயாளியிடம் தனியாகக் கட்டணம் வாங்காமல் காப்பீடு அளிக்க வேண்டும் என்றது. பெண்களுக்கான அச்சேவைகளின் பட்டியலில் கருத்தடை முறைகள் 2011இல் சேர்க்கப்பட்டன. தேவாலயங்களுக்கு அப்போதே முழு விலக்கு இருந்தது. சமயச் சார்புள்ள இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு ஒரு நடுவழியும் வகுக்கப்பட்டது: அமைப்பு தன் ஆட்சேபத்தைப் படிவத்தில் எழுதித் தந்தால் போதும், காப்பீட்டு நிறுவனமே தனியாகச் செலவை ஏற்றுக்கொள்ளும், ஊழியருக்கு எதுவும் குறையாது.

உங்கள் நிறுவனத்தைப் போன்றவற்றுக்குக் கதவு திறந்தது 2014 ஜூன் 30 அன்று வந்த ஹாபி லாபி தீர்ப்பு. ஓக்லஹோமாவைச் சேர்ந்த அந்தக் கைவினைப் பொருள் கடைத் தொடரின் உரிமையாளர்கள், பட்டியலிலிருந்த 20 முறைகளில் 16ஐ எதிர்க்கவில்லை. இரண்டு அவசரக் கருத்தடை மாத்திரைகளையும் இரண்டு கருப்பைச் சாதனங்களையுமே எதிர்த்தார்கள். ஒரு சிலர் கையில் அடங்கிய நிறுவனங்களும் சமய உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ, மேலே சொன்ன நடுவழியை வணிக நிறுவனங்களுக்கும் நீட்டிக்கலாம், அப்படிச் செய்தால் ஊழியப் பெண்களுக்கு ஏற்படும் பாதிப்பு சுழியம் என்று காரணம் காட்டினார்.

அந்தச் சுழியத்துக்கு அடுத்து என்ன ஆயிற்று என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. எந்த நடுவழியைக் காட்டி வழக்கு வெல்லப்பட்டதோ, அந்த நடுவழியின் படிவத்தில் கையெழுத்திடுவதே பாவத்துக்குத் துணைபோவதாகும் என்று சமய அமைப்புகள் வேறு வழக்குகளைத் தொடுத்திருந்தன. நீதிபதி ஸ்கலியா மறைந்தபின் எட்டுப் பேராக இருந்த உச்ச நீதிமன்றம், 2016இல் அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லாமல் கீழ் நீதிமன்றங்களுக்கே திருப்பியனுப்பியது. டிரம்ப் அரசு 2017இல் அறிவித்து 2018இல் இறுதிசெய்த விதிகள், நடுவழியை விருப்பத்துக்கு விட்டுவிட்டு முழு விலக்கை அகலமாக்கின. அவ்வாறு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஏற்றது. அவ்விதிகளால் 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை காப்பீட்டை இழக்கலாம் என்ற அரசின் சொந்த மதிப்பீட்டை, நீதிபதி கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துக்காட்டினார்.

பைடன் அரசு 2023இல் ஒரு மாற்று விதியை முன்மொழிந்து, 2024 டிசம்பரில் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் பிலடெல்பியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு விதிகளை ரத்து செய்தது. ஆனால் ஹாபி லாபி தீர்ப்பு அப்படியே நிற்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு பெண்ணின் மருந்துச் சீட்டும் மாறுகிறது என்றால், அதை நாகரிகமான ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 2: எளிய விசுவாசி

நான் கத்தோலிக்கன். உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் இந்த விலக்குகள் எல்லாம் அரசியல் சூழ்ச்சி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதை ஏற்க முடியவில்லை. ஹாபி லாபி வழக்கின் அடிப்படையான 1993ஆம் ஆண்டின் சமய சுதந்திர மீட்புச் சட்டம் யாருக்காக வந்தது என்று பாருங்கள். ஓரிகன் மாநிலத்தில் பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையைச் சேர்ந்த இருவர், வழிபாட்டில் பெயோட்டி என்னும் கள்ளிச் செடியை உட்கொண்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டு, வேலையிழப்பு உதவித் தொகையும் மறுக்கப்பட்டார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைச் சரி என்றது. அதற்கு மறுமொழியாக வந்த சட்டத்தை செனட் 97-3 என்று நிறைவேற்றியது, கிளிண்டன் கையெழுத்திட்டார். சிறுபான்மையினருக்குக் கேடயமாக வந்த சட்டம் அது. அதைப் பெரிய கடைத் தொடர் ஒன்று எடுத்துக்கொண்டது என்பதற்காகக் கேடயத்தையே உடைக்கச் சொல்வது நியாயமன்று.

கருத்தடை தவறு என்று 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சுற்றுமடல் வெளியிட்டார். அதை மனச்சான்றோடு கடைப்பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதியோர் இல்லம் நடத்தும் கத்தோலிக்கக் கன்னியரை அந்தப் படிவத்துக்கு எதிராக வழக்காட வைத்த ஒபாமா அரசையும், அதே கன்னியரை 2017 மே மாதம் வெள்ளை மாளிகைத் தோட்டத்துக்கு அழைத்து, அரசாணையில் கையெழுத்திடும்போது மேடையேற்றிய டிரம்ப் அரசையும் நான் ஒருசேரக் குறை சொல்வேன். இருவருக்கும் அவர்கள் பயன்பட்டார்கள். உங்கள் முதலாளி கன்னியர் அல்லர் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 3: பழைய கணக்கு

முன்னிருவரும் மதத்தையும் நீதிமன்றத்தையும் பேசினார்கள். என் பார்வையில் கோளாறு அதற்கும் முன்னால் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், விலைவாசி ஏறாமலிருக்க அமெரிக்க அரசு ஊதியத்துக்கு உச்சவரம்பு கட்டியது. ஆள் கிடைக்காமல் தவித்த முதலாளிகள், உச்சவரம்புக்குள் வராத மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள் சேர்த்தார்கள். 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம், அந்தக் காப்பீட்டுக்கு ஊழியர் வருமான வரி கட்டத் தேவையில்லை என்று உறுதிப்படுத்தியது. போருக்காகப் போட்ட பந்தல் அப்படியே வீடாகிவிட்டது. இன்று 15 கோடிக்கும் மேற்பட்டோர் வேலை வழியாகவே காப்பீடு பெறுகிறார்கள்.

ஊழியரின் மருத்துவருக்கும் ஊழியருக்கும் நடுவில் முதலாளிக்கு ஓர் இருக்கை போட்டாயிற்று. அதில் அவர் தம் நம்பிக்கையோடுதானே வந்து உட்காருவார்? கருத்தடையோடும் இது நிற்காது. டெக்சாஸில் பிரெய்டுவுட் என்ற நிறுவனம், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்துக்குக் காப்பீடு தருவது தன் சமய நம்பிக்கைக்கு எதிரானது என்று வழக்கிட்டு, 2022இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. அரசே எல்லோருக்கும் காப்பீடு தரும் முறை வந்தால் இந்தச் சண்டை ஓயுமா என்றால், இடம் மாறும் என்றுதான் சொல்வேன், நாடாளுமன்றத்தில் நடக்கும். ஆனால் அங்கே உங்களுக்கு வாக்கு உண்டு, முதலாளியின் அறையில் இல்லை.

பதில் 4: செவிலி கயல்

கேட்டவர் வழியும் கேட்டிருக்கிறார், அதற்கு யாரும் வரவில்லை. முதலில் உங்கள் திட்டம் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கியதா, முதலாளியே மருத்துவச் செலவை ஏற்கும் சொந்த நிதித் திட்டமா என்று எழுத்தில் கேளுங்கள். பல மாநிலங்களில் கருத்தடைக்குக் காப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. ஆனால் முதலாளிகள் தரும் ஊழியர் நலத் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டத்தின் காரணமாக அது சொந்த நிதித் திட்டங்களைக் கட்டுப்படுத்தாது. வாங்கிய திட்டமாயின், உங்கள் மாநிலச் சட்டத்தில் சமய விலக்கு எவ்வளவு தூரம் செல்கிறது என்று மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் கேட்கலாம்.

கணவரின் நிறுவனத்தில் காப்பீடு இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒபாமாகேர் சட்டப்படி நடக்கும் அரசுக் காப்பீட்டுச் சந்தையில் தனியாக வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முதலாளியின் திட்டம் விலையிலும் தரத்திலும் சட்ட வரையறைக்குள் இருந்தால் உங்களுக்கு அங்கே மானியம் கிடைக்காது, கருத்தடை இல்லை என்ற காரணம் எடுபடாது. 1970இல் தொடங்கிய டைட்டில் டென் என்ற கூட்டாட்சிக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் நிதி பெறும் மருத்துவ நிலையங்கள், குறைந்த வருமானம் உள்ளவர்களிடம் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகின்றன. ஓபில் என்ற கருத்தடை மாத்திரை 2024 முதல் மருந்துச் சீட்டில்லாமலே கிடைக்கிறது, மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் எச்.எஸ்.ஏ. கணக்கிலிருந்தும் அதற்குப் பணம் கொடுக்கலாம்.

இன்னொன்று. மிகுந்த உதிரப்போக்குக்கோ வேறு நோய்க்கோ மருத்துவர் அதே மாத்திரையை எழுதினால், அது கருத்தடை ஆகாது, சிகிச்சை ஆகும். கத்தோலிக்கப் போதனையும் நோய்க்கான சிகிச்சையைத் தடுப்பதில்லை. சமய விலக்குப் பெற்ற பல திட்டங்கள் அதற்குப் பணம் தருகின்றன. அப்படி ஒரு நோய் உண்மையில் இருந்தால் மட்டும், நோயின் குறியீட்டோடு எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

மருதநிலா:

அனைவருக்கும் நன்றி. எளிய விசுவாசி அவர்களே, அந்தத் திருச்சபையினர் இருவரும் கேட்டது தங்கள் உடலுக்குள் தாங்கள் எதை எடுத்துக்கொள்வது என்பதைப் பற்றி. என் முதலாளி கேட்பது என் உடலுக்குள் நான் எதை எடுத்துக்கொள்வது என்பதைப் பற்றி. இரண்டையும் ஒரே சட்டத்தின் கீழ் வைத்துப் பேசுவது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. கயல் அவர்கள் சொன்னபடி, திட்டம் சொந்த நிதியா என்று கேட்டு மனிதவளத் துறைக்கு இன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். விடை வந்ததும் எழுதுகிறேன்.