குரோசானில் பட்டர் வழிகிறது, உள்ளே பணிஸ் மாதிரி வருகிறது. எங்கே பிழை?

உவர்மலை_அடுப்படி

திருகோணமலை வெக்கையில் வீட்டில் குரோசான் (பட்டரை மாவுக்குள் மடித்து, படை படையாகச் சுடுவது) போடுகிறவர்களிடம் ஒரு கேள்வி.

அளவு இது: கோதுமை மா 450 கிராம், பால் 125 மி.லீ, தண்ணீர் 125 மி.லீ, சீனி 50 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். உப்புப் பட்டர் 227 கிராம் பக்கற் ஒன்று. அதில் 25 கிராம் மாவோடு குழைத்தது, மிச்சம் மடிக்க. மும்மடிப்பு (உருட்டி மூன்றாக மடிப்பது) மூன்று தரம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 20 நிமிடம் பிரிட்ஜ். சுருட்டிய பிறகு குசினியிலேயே ஒன்றரை மணித்தியாலம் பொங்க விட்டு, 45 லீற்றர் மேசை அவன் அடுப்பில் 180 பாகையில் 20 நிமிடம்.

தட்டில் பட்டர் குளமாக நிற்கிறது, அடிப்பக்கம் பொரித்தது போல இருக்கிறது. வெட்டினால் தேன்கூடு மாதிரிப் பெரிய துளை இல்லை, பணிஸுக்கு வருகிற சின்னத் துளைதான். அடியில் வேகாத பட்டை ஒன்றும் உண்டு. எல்லாம் ஒரே பிழையா, வேறு வேறா?

போறணைப்_பக்கம்

வேறு வேறு. அளவில் பெரிய பிழை இல்லை. மாவையும் குறை சொல்ல வேண்டாம், சீனக்குடாவில் அரைபட்டு வரும் சாதாரண கோதுமை மாவே இதற்குக் காணும். உப்பை மட்டும் 6 கிராமாகக் குறையுங்கள். உப்புப் பட்டர் 200 கிராமில் ஏற்கெனவே ஏறத்தாழ 3 கிராம் உப்பு இருக்கிறது.

பணிஸ் மாதிரி வந்தது மடிக்கும்போது நடந்த பிழை. பட்டர் 13 முதல் 16 பாகைக்குள் இருந்தால்தான் தோல் வார் மாதிரி வளைந்து மாவோடு சேர்ந்து நீளும். 20 பாகை தாண்டினால் மாவுக்குள் ஊறிவிடும். ஊறிய பிறகு எத்தனை தரம் மடித்தாலும் படை வராது, பட்டர் கூடின பாண்தான் வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் குசினி 31, 32 பாகை. வீட்டுப் பிரிட்ஜில் 20 நிமிடம் வைத்தால் மேற்புறம்தான் குளிரும், நடுவில் உள்ள பட்டர் இளகியபடியே இருக்கும். 45 நிமிடமாவது வையுங்கள்.

மும்மடிப்பு மூன்றையும் விடுங்கள். நான்மடிப்பு ஒன்று, மும்மடிப்பு ஒன்று போதும். 27 பட்டர் படைக்குப் பதில் 12தான் வரும், ஆனால் மேசையில் ஒரு தரம் குறைவாக உருட்டுகிறீர்கள். இந்த ஊர் வெக்கைக்கு அந்த ஒரு தரம் பெரிய விஷயம். வெட்டுமுகத்தில் துளையும் பெரிதாகத் திறக்கும்.

இன்னொன்று, குழைக்கும்போதே குளிர் வேண்டும். மாவை முதல் நாள் இரவே பிரிட்ஜில் வைத்து, பாலையும் தண்ணீரையும் ஐஸ் குளிரில் விடுங்கள். குழைத்து முடிகையில் 24 பாகைக்கு மேல் போகக் கூடாது. சூடாக இருந்தால் ஈஸ்ட் மடிக்கும்போதே வேலை தொடங்கும், காற்றுக் குமிழ்கள் பட்டர்ப் படையைக் கிழிக்கும். குழைத்ததை 2 சென்ரிமீற்றர் தடிப்புக்குத் தட்டையாக்கி, மூடி, இரவு முழுக்கப் பிரிட்ஜில் விடுங்கள். உருண்டையாக வைத்தால் நடு குளிர வெகுநேரம் எடுக்கும். உருட்டும் வேலையை விடியப்புறம் 5 மணிக்குத் தொடங்குவது நல்லது.

குச்சவெளி_காற்று

பிரிட்ஜில் 45 நிமிடம் எதற்கு? பிரீசரில் 20 நிமிடம் வைத்தால் முடிந்தது. நேரமும் மிச்சம்.

நிலாவெளி_வெதுப்பி

தம்பி, அங்கேதான் அடுத்த பிழை வரும். பிரீசரில் ஓரம் கல்லாகும், நடு மென்மையாகவே நிற்கும். உருட்டினால் ஓரத்துப் பட்டர் துண்டு துண்டாக உடையும், மாவின் மேலே வெள்ளைத் திட்டுக்கள் தெரியும். உடைந்த இடத்தில் படை இல்லை, சுட்டால் அங்கே பெரிய பொந்து விழும். அவசரமென்றால் பிரீசரில் 10 நிமிடம், நடுவில் ஒரு தரம் திருப்பிப் போட்டு, பிறகு பிரிட்ஜில் 20 நிமிடம். எடுத்ததும் மேசை விளிம்பில் மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் உருட்டலாம். வெடிக்கும் சத்தம் கேட்டால் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

பட்டர் வழிந்தது பொங்க விட்ட இடத்தால். 28 பாகைக்கு மேலே படைக்குள் இருக்கும் பட்டர் இளகி வெளியே வரத் தொடங்கும். உங்கள் குசினி அதைத் தாண்டிவிட்டது. குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்று புதிதாக எடுங்கள், மீனுக்குப் பாவித்தது வேண்டாம், மணம் ஏறும். உறைந்த 500 மி.லீ போத்தலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில், தட்டு நடுவில், பக்கத்தில் வெப்பமானி. 25, 26 பாகையில் நிற்கட்டும், 23க்கு இறங்கினால் போத்தலை எடுத்துவிடுங்கள். இரண்டு முதல் இரண்டரை மணித்தியாலம் ஆகும். பெட்டி மூடியிருந்தால் தோல் காயாது. வெளியே வைத்தால் கச்சான் அரை மணித்தியாலத்தில் தோலை உலர்த்தும், பிறகு அது விரியாது, வெடிக்கும்.

பேஸ்ட்ரி மாஜரீன் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது 40 பாகை வரை தாங்கும் என்பது உண்மை. ஆனால் நம் வாயின் சூடு 37தான். அண்ணத்தில் மெழுகு போல ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவு பாடுபட்டுச் செய்வதற்குப் பட்டரே போடுங்கள்.

போறணைப்_பக்கம்

வேகாத பட்டைக்கு அவன் அடுப்புத்தான் காரணம். 180 பாகை தொடக்கத்துக்குக் காணாது. பட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவு தண்ணீர். அதுவும் மாவின் ஈரமும் சட்டென்று ஆவியானால்தான் படைகள் விலகும். 210இல் 20 நிமிடம் சூடாக்கி, தட்டை வைத்ததும் 200க்கு இறக்குங்கள். 10 நிமிடம் கழிய 180, அதில் 10 முதல் 14 நிமிடம். முதல் 12 நிமிடம் கதவைத் திறக்கவே வேண்டாம். மேசை அவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். தட்டுக்கு ஆறுக்கு மேல் அடுக்க வேண்டாம். முட்டை பூசும்போது வெட்டிய ஓரத்தில் படவிடாதீர்கள், படைகள் ஒட்டிக்கொள்ளும். வெந்ததும் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள்.

உவர்மலை_அடுப்படி

எல்லோருக்கும் நன்றி. பொங்கியது போதும் என்பதை எதை வைத்துச் சொல்வது? பட்டர் எப்போது கசிந்தது என்று பிறகு கண்டுபிடிக்க வழி உண்டா?

நிலாவெளி_வெதுப்பி

தட்டை மெல்ல ஆட்டுங்கள். ஜெலி மாதிரித் தளும்ப வேண்டும், பக்கவாட்டில் படைகள் கோடு கோடாகப் பிரிந்து தெரிய வேண்டும். கசிவுக்கு, அவனில் வைக்கும் முன் தட்டின் அடித்தாளைப் பாருங்கள். அப்போதே எண்ணெய்க் கறை இருந்தால் பெட்டி சூடு. தாள் காய்ந்திருந்து அவனுக்குள் மட்டும் வழிந்தால் பொங்கியது போதாது, அடுத்த முறை அரை மணித்தியாலம் கூட விடுங்கள். கறை கண்டால் தட்டோடு பிரிட்ஜில் 15 நிமிடம் வைத்து, பட்டர் இறுகியதும் முட்டை பூசி நேரே அவனுக்குள் தள்ளுங்கள்.