குஜராத்தில் இருக்கும் எங்கள் மிஷனெரி குடும்பத்துக்கு பார்சல் அனுப்ப வேண்டும், என்ன வைக்கலாம்?

கேட்டவர்: தேரிக்காட்டுத் தம்பி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்துக் (பல ஊர் சபைகள் சேர்ந்த வட்டாரம்) குடும்பம் ஒன்று மூன்று வருடமாக குஜராத் டாங் மாவட்டத்தில் இருக்கிறது. ஆஹ்வாவிலிருந்து பஸ் பிடித்து உள்ளே போக வேண்டிய ஒரு சின்ன ஊர். அண்ணனும் அக்காவும் ஐந்து வயதுப் பையனும் அங்கே இருக்கிறார்கள், மூத்த மகள் மட்டும் டோனாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் தொடங்கி தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பிய காலத்திலிருந்து எங்கள் பக்கத்துப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைத்தே மிஷன் வேலையைத் தாங்கியிருக்கிறார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் மாதக் காணிக்கை அனுப்பியதோடு எங்கள் கடமை முடிந்தது என்று இருக்க மனம் வரவில்லை.

போன கிறிஸ்மஸுக்கு வாலிபர் கூட்டத்திலிருந்து ஒரு பெட்டி அனுப்பினோம். ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில் உடைந்து, மக்ரூனும் புது வசன காலண்டரும் ஊறிப் போயிருந்தது. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, நன்றி மட்டும்தான் சொன்னார்கள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இந்த முறை சரியாகச் செய்ய வேண்டும். வெளியில் ஊழியத்தில் இருந்தவர்கள், பார்சல் அனுப்பிப் பழகினவர்கள், உங்களுக்கு எது வந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது என்று சொல்லுங்கள். கைக்காசு நாலாயிரம் வரை இருக்கிறது.

பதில்: ராஜ்மகால் அக்கா

தம்பி, நானும் வீட்டுக்காரரும் 14 வருடம் ஜார்கண்டில் சாகிப்கஞ்ச் பக்கம் மலையில், மால்தோ பேசும் பழங்குடி மக்கள் நடுவில் இருந்தோம். மால்தோவும் தமிழைப் போலவே திராவிட மொழிதான், ஆனாலும் ஒரு வாய் தமிழ் பேச வீட்டுக்காரரை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. அதனால் நான் முதலில் சொல்வது தின்பண்டம் இல்லை, தமிழ். ஒரு தடவை ஊரிலிருந்து வந்த பெட்டியில், சாமான் ஆடாமல் இருக்க பழைய பேப்பரைக் கசக்கி அடைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக நீவி, தேதி வாரியாக அடுக்கி, மரண அறிவித்தல் பக்கம் வரை படித்தேன். இரண்டு வாரத்துக்கு அதுதான் எனக்கு ராத்திரிப் படிப்பு. நீங்கள் அடைப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை இணைப்பு, சிறுவர் இதழ் இப்படிக் கிழிக்காமல் மடித்து வையுங்கள். அந்த ஐந்து வயதுப் பையன் இனி குஜராத்தியில்தான் பள்ளிக்கூடம் போவான், அவனுக்குத் தமிழ் அரிச்சுவடியும் நாலைந்து படக்கதைப் புத்தகமும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, யாருக்கும் தோன்றாத ஒன்று. குக்கர் கேஸ்கட், விசில், மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர். ஊரிலிருந்து கொண்டு போன மிக்ஸிக்கு அங்கே உதிரி பாகம் கிடைக்காது, ஒரு கப்ளர் தேய்ந்ததால் நான் ஏழு மாதம் சட்னி அரைக்கவில்லை. என்ன கம்பெனி, எத்தனை லிட்டர் என்று போனில் கேட்டு வாங்குங்கள். நூறு இருநூறு ரூபாய் சாமான்தான், ஆனால் அதை அனுப்புகிறவர் என் அடுப்படியை யோசித்துப் பார்த்திருக்கிறார் என்று தெரியும்போது வரும் ஆறுதல் பெரிது.

சாப்பாட்டில் பொடி வகைதான் நல்லது. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, வறுத்து அரைத்த காபித்தூள், சுக்கும் கருப்பட்டியும். மோர் மிளகாய், கூழ்வத்தல், நார்த்தங்காய் உப்பில் போட்டுக் காய வைத்தது. பருப்பும் புளியும் சந்தையிலேயே கிடைத்தது, அதற்குத் தபால் காசு வீண். அங்கே கிடைக்காதது கறிவேப்பிலை. விதையைக் காய வைத்து அனுப்பாதீர்கள், பழம் பறித்த சூட்டோடு போட்டால்தான் முளைக்கும். யாராவது நேரில் போனால் ஒரு சின்னச் செடி கொடுத்துவிடுங்கள். நாங்கள் வைத்த செடி மரமாகி, நாங்கள் ஊர் திரும்பின பிறகும் அங்கே நிற்கிறது.

பதில்: தபால் மாமா

தபால் துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணெய் சமாச்சாரத்தை விட்டுவிடுங்கள், கண்ணாடியும் வேண்டாம். ஊறுகாய் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் டப்பா, மூடிக்கு அடியில் ஒரு பாலிதீன், வெளியே டேப், அதை இரண்டு கவருக்குள் வைத்து பெட்டியின் நடுவில், சுற்றிலும் துணி இருக்கும்படி வையுங்கள். துணி என்றால் வெறும் துணி இல்லை, அவர்களுக்கு அனுப்பும் நைட்டி, கைலி, துண்டு இதையே சுற்றினால் இடமும் மிச்சம்.

ஒரே பெட்டியாக 10 கிலோ அனுப்பாதீர்கள். அந்த மாதிரி ஊர்களில் கிளை அஞ்சலகம்தான் இருக்கும், ஒரே ஆள்தான் பையைத் தூக்கிக்கொண்டு போவார். பெரிய பெட்டி என்றால் கீழே ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள், அண்ணனுக்கு ஒரு நாள் வேலை கெட்டு பஸ் செலவும் ஆகும். 4 கிலோ, 4 கிலோவாக இரண்டு பெட்டி போடுங்கள். விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதி, கூடவே அந்த ஊர் எழுத்திலும் அவர்களிடமே எழுதி வாங்கி ஒட்டுங்கள். பின்கோடும் செல் நம்பரும் பெரிதாக இருக்கட்டும். அதே விலாசம் ஒரு தாளில் பெட்டிக்குள்ளேயும் இருக்க வேண்டும், மேல் தாள் மழையில் கிழிந்து போய் அனாதையாகக் கிடந்த பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பவர் பேங்க் மட்டும் தபாலில் வேண்டாம், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். நெல்லையிலிருந்து ஜாம்நகர் போகும் ரயில் சூரத் வழியாகத்தான் போகிறது, தெரிந்தவர் யாராவது போனால் கையில் கொடுத்துவிடுங்கள்.

பதில்: விடுதிப் பிள்ளை

அண்ணா, நானும் மிஷனெரி பிள்ளைதான். முதல் வகுப்பிலிருந்து விடுதி, அப்பா அம்மா ஒடிசாவில். வருடத்துக்கு இரண்டு முறைதான் பார்ப்போம். நான் ஆறாவது படிக்கும்போது எங்களைத் தாங்கின சபையிலிருந்து ஒரு அத்தை விடுதிக்கு வந்தார்கள். என் கையை ஒரு தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தார்கள், என் உயரத்துக்கு ஒரு ரிப்பன் வெட்டினார்கள், பரீட்சைப் பேப்பர் ஒன்றையும் நான் வரைந்த படம் இரண்டையும் வாங்கிக்கொண்டு போய் அம்மாவுக்கு பார்சலில் வைத்து அனுப்பினார்கள். அம்மா அந்த ரிப்பனைக் கதவு நிலையில் கட்டி வைத்திருந்தார்கள். லீவுக்குப் போனபோது நான் அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதற்குள் ஒரு விரல் அளவு வளர்ந்திருந்தேன்.

டோனாவூர் உங்களுக்குப் பக்கம்தானே. பெட்டி கட்டும் முன்னால் விடுதியில் அனுமதி கேட்டு, யாராவது ஒரு அக்காவோடு அந்தத் தங்கச்சியைப் போய்ப் பாருங்கள். அவள் குரலைப் பதிவு செய்யுங்கள், பாட்டு, வசனம், இன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்கிற கதை, எதுவானாலும் சரி. அங்கே நெட் கிடைக்குமோ கிடைக்காதோ, ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டு அனுப்பினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். உங்கள் கோயில் மணி, பாடகர் குழு பாடுகிற கீர்த்தனை, கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துப் பந்தியின் சத்தம் இதெல்லாம் கூட அதில் போடலாம். அப்புறம் அந்தத் தங்கச்சிக்கும் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டு போங்கள், அம்மாவுக்கு மட்டும் பெட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது அவள்.

பதில்: வியாரா சகோதரன்

நான் டாங்குக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறேன், இரண்டு விஷயம் மட்டும். எங்களுக்கு ஒருமுறை ஊரிலிருந்து 5 கிலோ கேழ்வரகு மாவு வந்தது. அன்போடு அனுப்பினார்கள், ஆனால் டாங்கில் நாக்லி என்று மக்கள் தினமும் ரொட்டி தட்டிச் சாப்பிடுவதே கேழ்வரகுதான். அதனால் எதுவானாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் முக்கியம். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும் என்று துணி, நோட்டு, மிட்டாய் மொத்தமாக வைத்து அனுப்பாதீர்கள். பொருள் கொடுத்து மதம் மாற்றுவதைத் தடுக்கும் சட்டம் குஜராத்தில் 2003-லிருந்து இருக்கிறது, ஜார்கண்டிலும் 2017-ல் வந்துவிட்டது. நீங்கள் நல்ல மனதோடு அனுப்புவது அவர்கள் மேல் பழியாக விழ இடம் கொடுக்கக் கூடாது. பெட்டிக்கு வெளியே வசனம், சிலுவைப் படம், சங்கத்தின் பெயர் எதுவும் வேண்டாம், ஆள் பெயரும் விலாசமும் போதும். பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பது வேறு விஷயம், அதை எல்லா ஊரிலும் எல்லாரும் செய்கிறார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், எங்கள் பக்கத்து வீட்டு மாவ்ஷி (சித்தி என்று அர்த்தம்) இன்றைக்கும் அதைக் கேட்பார்.

டிசம்பரில் எல்லாரும் அனுப்புவார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே மழை விடாது, பாதை கெட்டு ஆள் வரத்து குறைந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, மனம் சோர்ந்து போவது அப்போதுதான். மே கடைசியில் போய்ச் சேரும்படி ஒரு பெட்டி அனுப்புங்கள். நல்ல கொசுவலை, ஓ.ஆர்.எஸ்., காற்றுப் புகாத டப்பாக்கள். முறுக்கு, வத்தல் எல்லாம் மழையில் இரண்டே நாளில் நமத்துவிடும், அந்த டப்பாவுக்காகவே என் மனைவி உங்களுக்கு நன்றி சொல்வாள்.

கேட்டவர்: தேரிக்காட்டுத் தம்பி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அக்காவுக்கு போன் போட்டேன். ஒன்றும் வேண்டாம் தம்பி என்று ஐந்து நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மிக்ஸி என்ன கம்பெனி அக்கா என்று கேட்டதும் சிரித்துவிட்டார்கள். கப்ளர் இல்லை, சின்ன ஜாரின் பிளேடு போய் நாலு மாதம் ஆகிறதாம். மெஷினைத் திருப்பிப் பார்த்து மாடல் நம்பர் வாசித்தார்கள், எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை டோனாவூர் போகிறோம், ஓய்வுநாள் பள்ளி டீச்சர் அக்காவும் கூட வருகிறார்கள். ரிப்பன் வாங்கியாகிவிட்டது.