'இன்டர்பிரடாடியோ ரோமானா': தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

அயல் தெய்வங்களை உரோமர் தம் தெய்வப் பெயர்களால் அழைத்ததைக் குறிப்பது இந்த லத்தீன் தொடர். ஒப்பியல் தொன்மவியலில் அடிக்கடி வரும் இதை 'உரோம விளக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் ஏதோ உரையாசிரியர் வேலை என்றே நினைப்பார். தொடரின் பிறப்பிடம் உரோம வரலாற்றாசிரியர் டாசிடஸின் 'ஜெர்மானியா' (கி.பி. 98), 43ஆம் இயல். நகனார்வலி என்னும் ஜெர்மானிய மக்கள் வணங்கிய 'அல்சிஸ்' தெய்வங்களை உரோமர் வழக்கில் காஸ்டர், பொலக்ஸ் (உரோமரின் இரட்டைத் தெய்வங்கள்) என்கிறார். இருவரும் இளைஞர், உடன்பிறந்தோர்; ஒப்புமை அவ்வளவே. சிலை இல்லை, அயல் வழிபாட்டின் சுவடும் இல்லை என்று அவரே சொல்கிறார். தெய்வம் அப்படியே இருக்கிறது, பெயர்தான் வேறு. 'தெய்வ இணைவைப்பு' எனலாமா?

> தெய்வ இணைவைப்பு எனலாமா?

வேண்டாம் ஐயா. இஸ்லாமியத் தமிழில் 'இணைவைத்தல்' இறைவனுக்கு நிகராக இன்னொன்றை வைக்கும் பாவத்தைக் குறித்து வேரூன்றிவிட்டது. 'தெய்வக் கலப்பு'ம் ஆகாது. எகிப்தில் அமூனும் ராவும் சேர்ந்து அமூன்-ரா ஆனதுதான் கலப்பு. ஜீயஸ், ஜூபிடர், வேதத்தின் தியௌஸ் ஆகியவை ஒரே வேரில் கிளைத்த பெயர்கள்; அது மரபுவழி உறவு. இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கலப்பு எது, உறவு எது, வெறும் ஒப்புமை எது என்று பிரிக்கவே முடியாது. 'நிகராக்கம்' பொருந்துமா?

> 'நிகராக்கம்' பொருந்துமா?

அருகில் வந்துவிட்டீர்கள். ஆனால் நிகர் என்றால் இருபுறமும் சமம். இங்கே அப்படியில்லை. டாசிடஸ் ஹெர்குலிஸ் என்று சொல்லும் ஜெர்மானியத் தெய்வம் தோர் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். கிழமைப் பெயரிலோ ஜூபிடரின் நாளான வியாழன்தான் தோரின் நாளானது (Thursday). அளப்பவர் மாறினால் இணையும் மாறும். சீசர் இன்னும் ஒரு படி மேலே போய், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு மக்கள் மிகுதியாக வணங்கியது மெர்க்குரியை என்று எழுதி, உள்ளூர்ப் பெயரையே விட்டுவிட்டார். அது எந்தத் தெய்வம் என்று இன்றுவரை ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே யார் பெயர் யார் மேல் ஏறியது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். நம் அணியிலக்கணத்தில் தற்குறிப்பேற்றம் இருக்கிறதே! இயல்பாக நிகழ்வதன் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். அந்த அச்சிலேயே தற்பெயரேற்றம்: அயல் தெய்வத்தின் மேல் தன் தெய்வத்தின் பெயரை ஏற்றல். வினைக்குப் 'பெயரேற்று' போதும்.

> தற்பெயரேற்றம்

மனமார ஏற்கிறேன். ஒரு சிக்கல்: 'தன்' யார் என்று தனியே நிற்கும்போது தெரியாது. 'உரோமத் தற்பெயரேற்றம்' என அடைமொழி கட்டாயம் வேண்டும். அமூனைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஜீயஸ் என்றது கிரேக்கத் தற்பெயரேற்றம்.

'நிகராக்கம்' என்பதையும் தூக்கி எறிய வேண்டாம். பண்டைய சிரிய நகரான உகாரித்தில் கிடைத்த தெய்வப் பட்டியலில் சுமேரிய, ஹுர்ரிய, உகாரித்தப் பெயர்கள் பத்திபத்தியாக நிற்கின்றன. எதுவும் எதையும் மறைக்கவில்லை. சுமேரியரின் உத்து (அக்காத்தியரின் ஷமாஷ்) ஆண், உகாரித்தின் ஷப்ஷு பெண். ஆனாலும் கதிரவன் என்பதால் ஒரே வரிசை. அதற்கு நிகராக்கமே சரி.

இங்கிலாந்தின் பாத் நகரக் கல்வெட்டுகளில் உள்ளூர்த் தெய்வம் சூலிஸும் உரோமரின் மினெர்வாவும் இணைந்த சூலிஸ் மினெர்வாவை எங்கே வைப்பது? இரு பெயரும் சேர்ந்தே வழிபாடு பெற்றதால் நான் கலப்பில் சேர்ப்பேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.